வறட்டு இருமல்

இருபத்தாறு வருடம் நிலக்கரிக்கு அடியில் கிடந்தவன் நான்.
விளக்கு அணைந்தாலும் இருமலை வைத்து ஆளைச் சொல்வேன்.
ஈரச் சாக்கை இழுப்பது போலிருந்தால் கின்டர்,
நாய்க்குட்டி குரைத்தால் அலோய்ஸ்.
அலோய்ஸின் இருமல் நின்ற வாரம்
நாங்கள் எல்லோரும் கறுப்பு உடுத்தினோம்.

கட்டோவிட்ஸில், ஒன்பதாம் மாடியில்,
ஜனவரியின் ஓர் இரவு
சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒன்று தொடங்கியது.
சளியில்லை, இழுப்பில்லை.
காய்ந்த பட்டாணி தகரத்தில் விழுவது போல
மூன்று,
அப்புறம் இரண்டு,
அப்புறம் நீளமாய் ஒரு மௌனம்.
நான் கண்மூடுகிற சமயம் பார்த்து
இன்னும் மூன்று.

அந்த வீட்டில் பொகுமிவா.
எட்டு வருடமாக லிஃப்டில் வணக்கம் சொல்கிறோம்,
வெயில் அடித்தால் வெயிலென்றும்
பனி பெய்தால் பனியென்றும் சொல்லிக்கொள்வோம்.
அவ்வளவுதான்.

நாலாம் நாள் எழுந்து வெங்காயம் அரிந்தேன்.
எங்கள் பக்கத்து வைத்தியம், பெரிய ரகசியமொன்றுமில்லை:
ஒரு அடுக்கு வெங்காயம், ஒரு அடுக்கு சர்க்கரை,
மறுபடி வெங்காயம், மறுபடி சர்க்கரை.
மூடி ஹீட்டர் மேல் வைத்தால் விடிவதற்குள்
தேன் நிறத்தில் அழுது தீர்த்திருக்கும்.
ஜாடியை அவள் கதவருகே வைத்துவிட்டுத்
திருடனைப் போல் ஓடி வந்தேன்,
இந்த முழங்காலை வைத்துக்கொண்டு
எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு.

மறுநாள் ஜாடி திரும்பியது, சொட்டுக் குறையாமல்.
மூடியில் ஒரு சீட்டு:
"நன்றி. எனக்குச் சர்க்கரை.
வாசனையை மட்டும் எடுத்துக்கொண்டேன்."

அதிலிருந்து எனக்கு வீம்பு.
தைம் இலைக் கஷாயம் அனுப்பினேன்.
ஆளி விதைக் கூழ்.
பூண்டு தட்டிப் போட்ட பால்.
வாத்துக் கொழுப்புக்கு மட்டும்
"நெஞ்சில் தேய்க்கவும்" என்று எழுதி,
அடித்துவிட்டு,
"தேவையான இடத்தில்" என்று மாற்றினேன்.

பதில்கள் வந்தன.
"கசப்பு. குடித்துவிட்டேன்."
"பாலுக்குப் பிறகு பூனைகூட அருகில் வரவில்லை."
"வாத்துக்கு என் அனுதாபம்."
ஒருமுறை ஜாடி நிறையப் புளித்த முட்டைக்கோஸ்:
"உப்பைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.
லிஃப்டில் உங்கள் கால் வீக்கத்தைப் பார்த்தேன்."
என் காலை இவள் பார்த்திருக்கிறாள்!
அன்றைக்கு மூன்றுமுறை கழுவினேன்,
முட்டைக்கோஸை.

இருமல் மட்டும் எதற்கும் மசியவில்லை.

பிப்ரவரியில் லிஃப்டில் கேட்டேன்,
"எப்போதிலிருந்து?"
"கிறிஸ்துமஸுக்குப் பிறகு.
ரத்த அழுத்தத்துக்குப் புது மாத்திரை கொடுத்தார்கள்,
அதிலிருந்து ஒரு வாரத்தில்..."
நிறுத்தினாள்.
ஆறாம் மாடி, ஏழாம் மாடி,
இருவரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வெங்காயம் அரிகிறவனுக்கு ஓர் எல்லை உண்டு.
கூரை தாங்கும் கட்டை ஆடினால்
நீயாகப் பிடுங்காதே,
தெரிந்தவனைக் கூப்பிடு.
கீழே முதல் நாளே சொல்லித் தருவது இது.
"மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்" என்றேன்.
"டாக்டரிடம் இருமலைச் சொல்லும்போது
தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்."

வேறு மாத்திரை கொடுத்தார்களாம்.
பட்டாணி ஒவ்வொன்றாகக் குறைந்தது.
மார்ச்சில் ஓர் இரவு, சுத்தமாக ஒன்றுமில்லை.

நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும் நான்.
அலோய்ஸ் வந்துவிட்டான் நினைவில்.
இரண்டு மணிக்கு எழுந்து
சுவரை மெல்லத் தட்டினேன்,
மண் சரிந்தால் பாறையில் தட்டுவோமே,
இருக்கிறாயா, இருக்கிறாயா என்று,
அப்படி.

பதிலில்லை.
காலில் செருப்பை மாட்டினேன், கதவுவரை போனேன்.

அப்போது சுவரில்
மூன்று தட்டு.
அப்புறம் இரண்டு.
அப்புறம் நீளமாய் ஒரு மௌனம்.
திரும்பி வந்து படுத்து
நான் கண்மூடுகிற சமயம் பார்த்து
இன்னும் மூன்று.